ஊற்று, கொட்டு, சிந்து, கவிழ்: ஆங்கிலத்தில் எங்கே எது?

ஜூன் 2, வாசகர் கேள்வி

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். தமிழில் ஊற்றினான், கொட்டினான், சிந்தினான், கவிழ்த்தான் என்று நான்கு சொற்களில் வேலையை முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்திலோ 'போர்', 'ஸ்பில்', 'டிப்', 'டம்ப்', 'அப்செட்', 'ஓவர்டர்ன்', 'கேப்சைஸ்', 'டாப்பிள்' என்று ஒரு பட்டாளமே நிற்கிறது. அகராதியைப் புரட்டினால் பாதிக்கு ஊற்று, மீதிக்குக் கவிழ் என்று போட்டிருக்கிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பும்போது எதை வைத்து முடிவு செய்வது? இந்த விஷயத்தில் தமிழைவிட ஆங்கிலம் நுணுக்கமான மொழி என்பது என் எண்ணம்.

ஜூன் 2, மாலை

கடைசி வாக்கியத்தை நான் ஏற்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தேர்வு.

ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வினையின் கண் பாத்திரத்தின் மேல் இருக்கிறதா, உள்ளே இருக்கும் பொருளின் மேல் இருக்கிறதா? 'போர்', 'ஸ்பில்' இரண்டும் பொருளைப் பார்க்கும் வினைகள். அவற்றுக்குப் பின்னால் தண்ணீர் வரும், பால் வரும், சர்க்கரை வரும், குடம் வராது. 'ஓவர்டர்ன்', 'டிப் ஓவர்', 'கேப்சைஸ்' எல்லாம் பாத்திரத்தைப் பார்ப்பவை. அவற்றுக்குப் பின்னால் குடம், வண்டி, படகு. உள்ளே இருந்தது என்ன ஆயிற்று என்று அவை சொல்வதில்லை. காலிக் குடமும் கவிழலாம் அல்லவா?

இது நமக்குப் புதிதல்ல. "குடத்தைத் தண்ணீரால் ஊற்றினேன்" என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். நாம் வழுக்குகிற இடம் ஒன்றே ஒன்று, 'ஃபில்'. தமிழில் "குடத்தை நிரப்பினேன்" சரி, "குடத்தில் தண்ணீர் நிரப்பினேன்" என்பதும் சரி. ஆங்கிலத்தின் 'ஃபில்' பாத்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்காது. "பாட்டிலைத் தண்ணீரால் ஃபில் செய்" என்றுதான் சொல்லவேண்டும். "தண்ணீரை பாட்டிலில் ஃபில் செய்" என்றால் மதிப்பெண் போய்விடும். நம் நாட்டில் ஆங்கிலம் பேசும் பாதிப் பேர் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள். பேச்சில் போகட்டும். தேர்விலும் அச்சிலும் வேண்டாம்.

ஜூன் 2, இரவு

சொல்ல விட்டுப்போனது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் 'ஃபில்' விஷயத்தில் நம்மைப் போலவே பேசுகிறார்கள். மெலிசா பௌவர்மன் என்ற மொழியியலாளர் தம் பெண் குழந்தைகளின் பேச்சை வருடக்கணக்கில் குறித்துவைத்தார். உப்பை எதற்குள்ளோ 'ஃபில்' செய்கிற வாக்கியம் அதில் இருக்கிறது. வளர்ந்ததும் யாரும் திருத்தாமலேயே அவர்கள் மாறிவிடுகிறார்கள். எப்படி மாறுகிறார்கள் என்பது மொழியியலில் பெரிய சர்ச்சை. பெத் லெவின் 1993இல் ஆங்கில வினைகளை வகைப்படுத்தியபோது 'போர்' வினைகளுக்கென்று தனிப் பிரிவே ஒதுக்கினார். ஸ்பில், சொட்டுகிற ட்ரிப், ஒழுகுகிற ட்ரிபிள், தளும்புகிற ஸ்லாஷ் எல்லாம் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. பொதுக் குணம்: பொருள் எப்படி விழுகிறது என்று சொல்லும், விழுந்த இடம் என்ன ஆயிற்று என்று சொல்லாது.

இரண்டு பக்கமும் போகிற வினைகளும் உண்டு: 'ஸ்ப்ரே', 'லோட்'. "சுவரின் மேல் பெயிண்டை ஸ்ப்ரே செய்தான்" என்றால் ஒரு மூலையில் மட்டும் அடித்திருக்கலாம். "சுவரைப் பெயிண்டால் ஸ்ப்ரே செய்தான்" என்றால் சுவர் முழுக்க. ஆங்கிலம் இதை வாக்கிய அமைப்பை மாற்றிக் காட்டுகிறது. நாம் வேற்றுமை உருபை மாற்றிக் காட்டுகிறோம். "சுவரில் வெள்ளை அடித்திருக்கிறான்", "சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறான்". முதலாவதைக் கேட்டால் எங்கே என்று தேடுவோம். இரண்டாவதைக் கேட்டால் பொங்கல் வருகிறது என்று தெரிந்துவிடும்.

ஜூன் 3

'போர்' என்றால் திரவம் மட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஒழுக்காக விழக்கூடிய எதுவும் 'போர்' ஆகும். சர்க்கரை, அரிசி, மணல், சிமென்ட் கலவை, உருக்கிய இரும்பு. கதவு திறந்ததும் மைதானத்திலிருந்து வெளியே வரும் ஜனம்கூட. தமிழில் ஊற்று என்பது திரவத்துக்கு மட்டும். அரிசியை யாரும் ஊற்றுவதில்லை, கொட்டுகிறோம். ஆகவே "போர் த ரைஸ்" என்று சமையல் குறிப்பில் வந்தால் மொழிபெயர்ப்பவர் கொட்டு என்று எழுதவேண்டும். ஊற்று என்று எழுதியதை அச்சில் பார்த்திருக்கிறேன். பார்த்த நாளிலிருந்து அந்தப் புத்தகத்தை நம்பிச் சமைக்க முடியவில்லை.

'போர்' எனச் சொல்ல ஒழுக்கு வேண்டும். நம் சமையல் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் "இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு போர் செய்யவும்" என்று எழுதுகிறார்கள். சொட்டு ஒழுக்காகாது. அங்கே 'ஆட்' போதும். நெய்யை மெல்லிய நூலாக மேலே விடுவதற்கு 'ட்ரிஸில்' என்று தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். மழைத் தூறலுக்கும் அதுதான் பெயர்.

இப்போது நம் பக்கம். கல்யாணப் பந்தியில் நின்று பாருங்கள். சாம்பாரும் ரசமும் ஊற்றுகிறோம். நெய்யும் மோரும் விடுகிறோம். பொரியலும் ஊறுகாயும் வைக்கிறோம். சோறும் அப்பளமும் போடுகிறோம். பரிமாறுபவர் கையில் வாளி இருக்கிறதா, கரண்டி இருக்கிறதா, தட்டு இருக்கிறதா என்பது வினையிலேயே தெரிகிறது. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் 'செர்வ்'. தோசைக்கு மாவு வார்க்கிறோம். அதே வார்ப்பு வெண்கலச் சிலைக்கும் போகிறது, தானம் கொடுக்கும்போது கையில் நீர் விடும் தாரை வார்த்தலுக்கும் போகிறது. 1974 ஒப்பந்தத்தைப் பற்றி மேடையில் பேசும் எவரும் கச்சத்தீவைத் தாரை வார்த்தார்கள் என்றே சொல்வார்கள். இந்த வார்த்தலை 'போர்' என்று மொழிபெயர்த்தால் ஆங்கில வாசகர் தீவின் மேல் தண்ணீர் ஊற்றியதாக நினைப்பார். எந்த மொழி நுணுக்கமானது என்று இப்போது சொல்லுங்கள்.

ஜூன் 4

'ஸ்பில்'. கைதவறிப் போனதற்கு ஆங்கிலத்தில் முதல் சொல் இது. வேண்டுமென்று செய்தால் 'போர்', தவறிப்போனால் 'ஸ்பில்' என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். முக்கால்வாசி இடங்களில் அது போதும். ஆனால் அணையில் இருக்கும் 'ஸ்பில்வே' விபத்துக்காகக் கட்டியதா? வேண்டுமென்றே கட்டியது. பாய்மரக்காரர்கள் காற்று மிஞ்சும்போது பாயைத் தளர்த்திக் காற்றை 'ஸ்பில்' செய்கிறார்கள். அதுவும் தெரிந்தே செய்வது. ஆகவே அதன் அடிப்படையை நான் வேறு மாதிரி சொல்வேன்: இருக்கவேண்டிய எல்லையைத் தாண்டிப் பொருள் வெளியேறுவது. கைதவறுதல் அதற்கு வழக்கமான காரணம், அவ்வளவுதான். மேட்டூர் அணையில் 120 அடி நிரம்பியதும் பதினாறு கண் மதகு வழியாக உபரி நீர் போவதற்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. பள்ளி விளக்கம் பொருந்தாது.

இந்தச் சொல்லின் பழைய பொருள் என்ன தெரியுமா? அழித்தல், கொல்லுதல். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்பில்லன்' என்றால் அதுதான். அங்கிருந்து ரத்தம் சிந்துதலுக்கு வந்து, பிறகுதான் பாலும் தண்ணீரும் சேர்ந்தன. ஆங்கிலத்தில் ரத்தத்துக்கு 'ஸ்பில்', 'ஷெட்' இரண்டும் வரும். கண்ணீருக்குப் பெரும்பாலும் 'ஷெட்'. பாலுக்கு 'ஸ்பில்' மட்டும். தமிழில் சிந்து மூன்றையும் சுமக்கிறது, கூடவே மூக்கையும் சிந்துகிறது. சைக்கிளிலிருந்தும் குதிரையிலிருந்தும் ஆள் விழுந்தாலும் ஆங்கிலத்தில் 'ஸ்பில்' உண்டு. அதை மட்டும் நாம் சிந்துவதில்லை.

ஒரு மனத்தாங்கல். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கலந்தது. ஆங்கிலத்தில் 'ஆயில் ஸ்பில்'. தமிழில் எல்லாரும் எண்ணெய்க் கசிவு என்றார்கள், இன்றும் அப்படியே. கசிவது கூரை, கசிவது பானை. கரையில் தார்போல் படிந்ததை ஆட்கள் வாளி வாளியாக அள்ளிய காட்சிக்கும் கசிவு என்ற சொல்லுக்கும் பொருத்தமே இல்லை. எண்ணெய் கொட்டியது என்று எழுதியிருக்கலாம். சொல் சிறிதாக இருந்தால் நடந்ததும் சிறிதாகத் தெரியும். எனக்கு இதில் கோபம் உண்டு.

ஜூன் 5

சுருக்கமாக. "செடிக்குத் தண்ணீர் ஊற்று" என்பதை "போர் வாட்டர் டு த பிளான்ட்ஸ்" என்று எழுதாதீர்கள். 'வாட்டர்' என்பதே வினை. "வாட்டர் த பிளான்ட்ஸ்" போதும். வயலுக்குப் பாய்ச்சுவது 'இரிகேட்'. வண்டிக்குப் பெட்ரோல் போடுவது 'ஃபில் அப்'. அங்கேயும் நிரம்புவது டேங்க், பெட்ரோல் அல்ல.

ஜூன் 7

கவிழ்வதற்கு வருகிறேன். இங்கே ஆங்கிலம் பார்ப்பது கவிழ்கிற பொருளின் உருவத்தை.

'கேப்சைஸ்' படகுக்கும் கப்பலுக்கும். லாரிக்கு எழுதினால் தவறு. கயிற்று முடிச்சு இழுபட்டு உருமாறிப்போவதற்கும் மாலுமிகள் இதே சொல்லைச் சொல்வார்கள்; வேறு புழக்கம் அநேகமாக இல்லை. இன்னொன்று, கவிழ்வது வேறு, மூழ்குவது வேறு. 1912இல் டைட்டானிக் மூழ்கியது, கவிழவில்லை. முகப்பு இறங்கி, உடைந்து, உள்ளே போனது. 1915 ஜூலை 24 அன்று சிகாகோ ஆற்றில் ஈஸ்ட்லேண்ட் என்ற பயணக் கப்பல் துறையில் கயிறு கட்டியிருந்த நிலையிலேயே பக்கவாட்டில் புரண்டது. ஆறு ஆழமில்லாததால் உடலின் ஒரு பாதி தண்ணீருக்கு மேலேயே கிடந்தது. இறந்தவர்கள் 844 பேர். அது முழுக்க முழுக்க 'கேப்சைஸ்', மூழ்கல் அல்ல. "படகு கவிழ்ந்து மூழ்கியது" என்று நம் செய்திகளில் வருவது இரண்டு தனித்தனி நிகழ்வுகள். இரண்டும் நடந்ததா என்று விசாரித்த பிறகே எழுதவேண்டும்.

'டாப்பிள்' உயரமாக நிற்பதற்கு. சிலை, கம்பம், அடுக்கிவைத்த மூட்டை. 2020 ஜூன் 7 அன்று, சரியாக இதே தேதியில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அடிமை வியாபாரி எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைக் கயிறு கட்டி இழுத்தார்கள். அது 'டாப்பிள்'. பிறகு உருட்டிக்கொண்டுபோய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். அது 'டம்ப்'. 'ஓவர்டர்ன்' இரண்டு இடத்திலும் பொருந்தாது. அரசாங்கமும் உயரத்தில் நிற்பதாக ஆங்கிலம் நினைக்கிறது போலும், அதற்கும் 'டாப்பிள்'தான். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது என்கிறோம். இதை 'கேப்சைஸ்' என்றோ 'ஓவர்டர்ன்' என்றோ மொழிபெயர்க்கக் கூடாது. 'ஓவர்டர்ன்' ஆவது தீர்ப்பு. 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமை பற்றிய ரோ எதிர் வேட் தீர்ப்பை 'ஓவர்டர்ன்' செய்தது என்று பத்திரிகைகள் எழுதின.

ஜூன் 7, இரவு

கடலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் கட்டுமரத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார். விடவில்லை, தனியாக எழுத வைத்திருந்தேன். கரையோர அலையில் கட்டுமரம் புரண்டால் அது விபத்துக் கணக்கில் வராது. மரம் மிதக்கும். விழுந்தவர்கள் அதைத் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்வார்கள். இந்தச் சொல்லை வாங்கிக்கொண்ட ஆங்கிலம் இரட்டை உடல் கொண்ட படகுக்கு 'கேடமரன்' என்று பெயர் வைத்தது. அந்தப் படகின் குணம் நேர் எதிர்: எளிதில் கவிழாது, கவிழ்ந்து முழுத் தலைகீழாகிவிட்டால் அப்படியே நிலைத்துவிடும், திருப்புவது பெரும்பாடு.

அந்த நிலைக்குப் பாய்மரக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'டர்டில்'. பாய்மரம் பக்கவாட்டில் தண்ணீரைத் தொட்டால் 'கேப்சைஸ்', நேர் கீழே கடலடியைக் காட்டினால் 'டர்டில்'. ஆமை பிடிப்பவர்கள் அதை மல்லாக்கப் புரட்டிவிடுவார்கள், ஓடமுடியாமல் கிடக்கும்; அதிலிருந்து வந்தது. நம் ஆங்கிலப் பத்திரிகைகள் இந்தக் கடல் தொடரைத் தூக்கிக்கொண்டு வந்து தேசிய நெடுஞ்சாலையில் இறக்கின. பேருந்து பள்ளத்தில் பாய்ந்தால் 'டர்ன்ட் டர்டில்'. தொடரில் பிழையில்லை, ஆனால் வெளிநாட்டு வாசகருக்கு அது இந்தியச் செய்தி என்று உடனே தெரிந்துவிடும். மரணச் செய்தியில் எனக்கு அது பிடிக்காது. வெறும் 'ஓவர்டர்ன்ட்' கண்ணியமானது.

ஜூன் 9

தமிழ் நுணுக்கம் குறைந்தது என்ற பேச்சுக்கு இன்று பதில்.

வண்டி குடைசாய்ந்தது. ரயில் தடம் புரண்டது. மரம் சாய்ந்தது. மண் சரிந்தது. படகு கவிழ்ந்தது. இவற்றில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்துப் பாருங்கள், காது ஒத்துக்கொள்ளாது. நாளிதழ் படிக்கும் யாருக்கும் இவை தெரியும். தேர்வு வழிகாட்டி அகராதிகளுக்குத்தான் தெரியவில்லை.

அதைவிடப் பெரியது: கவிழ்ந்தது, கவிழ்த்தது. சாய்ந்தது, சாய்த்தது. சரிந்தது, சரித்தது. வடிந்தது, வடித்தது. ஒரு மெய்யெழுத்து வல்லினமானதும் அங்கே ஒரு ஆள் வந்து நின்றுவிடுகிறார். ஆங்கிலத்தில் 'ஓவர்டர்ன்ட்' இரண்டுக்கும் ஒன்றே. யார் செய்தது என்பதை வாக்கியத்தில் சொல் நிற்கும் இடம் காட்டவேண்டும். "ஆட்சி கவிழ்ந்தது" என்று எழுதுபவரும் "ஆட்சி கவிழ்க்கப்பட்டது" என்று எழுதுபவரும் எந்தக் கட்சி என்று நமக்கு ஒரே எழுத்தில் தெரிந்துவிடும்.

கொட்டு, சிந்து இரண்டும் இந்த வரிசையில் சேராது. பால் கொட்டியது, பாலைக் கொட்டினான், வினைப்பகுதி மாறவில்லை. வீட்டுக் குழந்தைகள் இதை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். "பால் கொட்டிவிட்டது" என்று வந்து நிற்கும் குழந்தையின் வாக்கியத்தில் எழுவாய் பால்.

ஜூன் 10

'அப்செட்'. மனம் வருந்தினால் அப்செட், வயிறு கெட்டால் அப்செட் என்று தமிழிலேயே பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் கிண்ணம் தட்டுப்பட்டுக் கவிழ்ந்தாலும் அப்செட் உண்டு. இப்போது கொஞ்சம் பழைய நடை.

இதன் முதல் பொருள் நிமிர்த்தி வைத்தல் என்றால் நம்புவீர்களா? 'செட் அப்' என்பதைத் திருப்பிப் போட்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தப் பொருள்தான். கவிழ்த்தல் என்ற பொருள் மிகப் பிற்பாடு, பதினெட்டாம் நூற்றாண்டு முடிந்து பத்தொன்பது பிறக்கும் சமயத்தில் வந்தது. பழைய பொருள் செத்துவிடவில்லை, இரண்டு இடங்களில் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒன்று, இரும்புப் பட்டறை. பழுக்கக் காய்ச்சிய கம்பியின் நுனியில் நேராக அடித்து அதைத் தடிக்கவைப்பது 'அப்செட்டிங்'. இன்னொன்று நம் நீதிமன்ற ஏல அறிவிப்பு: 'அப்செட் பிரைஸ்'. கேள்வி எந்தத் தொகையில் தொடங்கவேண்டும் என்று நிறுத்திவைத்த விலை. அதற்குக் கீழே யாரும் கேட்கமுடியாது. கடனில் வீடு ஏலத்துக்குப் போகிறவர் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு, தன் மனநிலையைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்லமுடியாது.

விளையாட்டில் பலசாலி தோற்றாலும் 'அப்செட்'. 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் 183 ரன் மட்டுமே எடுத்த இந்தியா மேற்கிந்தியத் தீவுகளை 140க்குச் சுருட்டியது அதற்கு முதல்தரமான உதாரணம். இந்தப் பொருள் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்ததாக ஒரு கதை சுற்றுகிறது. 1919இல் அமெரிக்காவின் சரடோகாவில் மேன் ஓ வார் என்ற குதிரை தோற்றது, அதை வென்ற குதிரையின் பெயரே அப்செட். பந்தயம் உண்மை, பெயர் உண்மை. ஆனால் அந்தப் பொருளில் சொல் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே புழங்கியிருக்கிறது. தயவுசெய்து அந்தக் கதையை இங்கே மறுபடி ஒட்டாதீர்கள்.

ஜூன் 13

ஒருவர் நன்றாகப் பிடித்திருக்கிறார். 'போர்' பாத்திரத்தைப் பார்க்காது என்றால் "போர் மி எ கிளாஸ்" எப்படி வந்தது? "ஹி ஸ்பில்ட் எ கப் ஆஃப் டீ" எப்படி?

அங்கே கிளாஸ் என்பது அளவு. நாமும் "ஒரு தம்ளர் ஊற்று", "இரண்டு கரண்டி ஊற்று" என்கிறோம். தம்ளரையும் கரண்டியையும் யாரும் இலையில் ஊற்றச் சொல்வதில்லை. ஆகவே ஜூன் 2 குறிப்பு நிற்கிறது. ஆனால் அதில் ஒரு பிரிவைச் சேர்க்கவேண்டும்: பாத்திரத்தையும் பொருளையும் மாறி மாறிப் பார்க்கிற வினைகள். 'எம்ப்டி' அப்படி. வாளியையும் காலி செய்யலாம், வாளியிலிருந்த தண்ணீரையும் 'எம்ப்டி' செய்யலாம். 'டிப்' தனியாக வந்தால் பாத்திரம் சாயும். 'டிப் அவுட்' ஆனால் பொருள் வெளியே விழும். இந்த வகையில் மிக அழகானது 'டிரெய்ன்'. ரயில் அல்ல, வடிப்பது.

எங்கள் வீட்டில் குக்கர் வந்தபிறகும் விசேஷ நாளில் பானையில்தான் சோறு. அம்மா கொதிக்கும் பானையை இறக்கி, வாயில் மூடியைப் பொருத்தி, இரண்டு பக்கமும் துணி கொடுத்துப் பிடித்து, கீழே வைத்த சட்டியின் மேல் சாய்ப்பார். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. முதலில் நீர்த்த கஞ்சி சரசரவென்று ஓடும், பிறகு கொழகொழத்து நிற்கும். அப்போது பானையை அப்படியே ஓரம் சாய்த்துவைத்துவிட்டுக் கையை எடுப்பார். மூடி ஒரு விரல் நகர்ந்தால் சோறு கொட்டிவிடும், பிடி தளர்ந்தால் பானையே கவிழ்ந்துவிடும். அவர் சொல்வது சில நாள் "சோறு வடித்துவிட்டேன்", சில நாள் "கஞ்சி வடித்துவிட்டேன்". வெளியே போனது கஞ்சி, உள்ளே நின்றது சோறு. இரண்டுக்கும் ஒரே வினை. ஆங்கிலத்தில் "டிரெய்ன் த பாஸ்தா" என்பார்கள், "டிரெய்ன் த வாட்டர்" என்றும் சொல்வார்கள். அவர்களுக்கும் உள்ளே நிற்பது, வெளியே போவது இரண்டும் இந்த ஒரே வினைக்குள் அடங்கும். இந்தக் கூட்டத்தில் தமிழும் ஆங்கிலமும் இவ்வளவு ஒட்டி நடக்கும் வேறு வினை எனக்கு அகப்படவில்லை. வடிக்கவும் ஊற்றவும் ஒரே சொல்லைப் போட்ட கேள்வித்தாள் வந்தால், பொருள் எதிலிருந்து பிரிகிறது என்று பாருங்கள். பிரிந்தால் 'டிரெய்ன்', பிரியாமல் இடம் மாறினால் 'போர்'.

ஜூன் 16

தேநீர் ஆற்றுவதற்கு ஆங்கிலம் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒரே சொல் கிடையாது. ஒரு கிளாசிலிருந்து இன்னொன்றுக்கு உயர்த்தி ஊற்றிச் சூட்டைத் தணித்து நுரை எழுப்புவது என்று நீட்டி விளக்கவேண்டியிருக்கும். மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் அதற்குத் தே தாரிக் என்று பெயர். தாரிக் என்றால் மலாயில் இழு. ஆங்கில உணவுப் பட்டியல்கள் அதையே 'புல்ட் டீ' என்று எடுத்துக்கொண்டன. பார்ப்பவர் கண்ணுக்கு அது இழுப்பது, குடிப்பவருக்கு ஆற்றுவது. நான் நம்முடையதையே எடுப்பேன்; பசி ஆற்று, புண் ஆற்று, கோபம் ஆற்று என்று சூடு தணிகிற இடமெல்லாம் அது வருகிறது.

இன்னொன்றுக்கும் அங்கே சொல் இல்லை: புகட்டு. குழந்தையை மடியில் சாய்த்துப் பாலாடை மூக்கைக் கடைவாயில் வைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுவது. ஊற்றுவதும் ஊட்டுவதும் சேர்ந்த ஒரு செயல். பச்சிளம் குழந்தை மருத்துவத்தில் கருவிக்கு அவர்களிடம் பெயர் இல்லாததால் ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளிலேயே பாலாடை என்று நம் சொல்லை எழுதுகிறார்கள். குறைமாதத்தில் பிறந்து உறிஞ்சத் தெரியாத குழந்தைகளுக்கு அது உதவுகிறது. கருவியின் பெயரை வாங்கினார்கள், வினையை விட்டுவிட்டார்கள்.

ஜூன் 20

டிப்பர், டம்ப் பற்றி. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி வரும் நம் டிப்பர் லாரி பிரிட்டிஷ் ஆங்கிலம். பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்ப்பதால் அந்தப் பெயர். அமெரிக்கர்களுக்கு அதுவே 'டம்ப் டிரக்'. பிரிட்டனில் சாலையோரம் "நோ டிப்பிங்" என்று பலகை இருந்தால் குப்பை கொட்டாதே என்று பொருள். சர்வருக்குக் கொடுக்கும் காசோடு சம்பந்தமில்லை. 'டம்ப்' என்றால் மொத்தமாக, எங்கே விழுகிறது என்ற கவலையில்லாமல் போடுவது. அக்கறையாகச் செய்த எதற்கும் அதை எழுதாதீர்கள்.

முதலில் கேள்வி கேட்டவர் ஒரு மாதிரி வினா அனுப்பியிருக்கிறார்: வளைவில் லாரி ___ , அதன் சரக்கு சாலையில் ___ . முதல் இடத்தில் 'ஓவர்டர்ன்ட்'. இரண்டாவது, எழுவாய் சரக்கு என்பதால், 'ஸ்பில்ட்'. லாரியே எழுவாயாகத் தொடர்ந்திருந்தால் பிரிட்டிஷ் போக்குவரத்துச் செய்திகளில் வருவதுபோல் 'ஷெட் இட்ஸ் லோட்' என்று எழுதியிருக்கலாம். சரக்கு என்ன என்று வினாவில் இல்லை. கடப்பைக் கல்லாக இருந்தால் 'ஸ்பில்ட்' கொஞ்சம் இடிக்கும், 'ஃபெல்' என்று எழுதுவேன். நெல்லாகவோ டீசலாகவோ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'ஸ்பில்ட்' எழுதுங்கள்.